உரிமை வழக்கும் அதன் முடிவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையில் கம்பரைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் பேசுவதே வழக்கம். இவ்வாண்டு வழக்கத்தை விட்டு, வழக்கைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். காரணம் இல்லாமல் இல்லை. இந்தப் பிலாய் இரும்பாலைக் குடியிருப்பில் வளர்ந்து, அருகிலுள்ள துர்க் நகரத்து நீதிமன்றங்களில் முப்பத்தைந்து ஆண்டுகள் வழக்கறிஞனாக உழைத்து ஓய்ந்தவன் நான். பொங்கல் விழாவாயினும் திருமண வீடாயினும் அன்பர் யாராவது என்னைத் தனியே அழைத்துச் சென்று, "ஊரில் வீடு ஒன்று இருக்கிறது, தம்பியோடு பேச்சு முறிந்துவிட்டது, கோர்ட்டுக்குப் போகலாமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்பதுண்டு. இத்தனை ஆண்டுகளாக ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொன்ன விடையை இன்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்ல வந்திருக்கிறேன். அதனுடன் எங்கள் குடும்பத்து வழக்கு ஒன்றையும் சொல்வேன். அதில் நான் செய்த பிழைகள் இரண்டு உண்டு. அவற்றை இந்த அவையில் ஒப்புக்கொள்வதில் எனக்கு நாணமில்லை. பிறருக்குப் பயன்படுமாயின் மகிழ்ச்சியே.

முதலில் ஒன்றைத் தெளிவு செய்துகொள்வோம். நீதிமன்றம் என்றவுடன் பலருக்குக் காவலரும் விலங்கும் சிறையுமே நினைவுக்கு வருகின்றன. அவை குற்ற வழக்குக்கு உரியவை. திருடியவனையும் அடித்தவனையும் அரசு முன்னின்று தண்டிப்பது குற்ற வழக்கு. கொடுத்த கடன் திரும்பவில்லை. வாங்கிய நிலத்தை விற்றவர் ஒப்படைக்கவில்லை. பொதுச் சுவரை அடுத்த வீட்டார் இடித்துவிட்டார். தந்தை விட்டுச்சென்ற சொத்தைப் பிரிப்பதில் உடன்பிறந்தார் ஒத்துவரவில்லை. இத்தகைய பூசல்களில் ஒருவர் மற்றவரிடம் தம் உரிமையைக் கேட்பது உரிமை வழக்கு. கேட்பவர் வாதி, எதிர்த்து நிற்பவர் பிரதிவாதி. ஐயத்துக்கு இடமின்றிக் குற்றம் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்பது குற்ற வழக்கின் விதி. உரிமை வழக்கிலோ, இருதரப்புச் சான்றுகளையும் துலாக்கோலில் இட்டால் எத்தட்டுத் தாழ்கிறது என்று பார்ப்பதே போதும். ஆதலின், பிரதிவாதி ஆனோம் என்பதற்காக எவரும் மானம் போயிற்றென்று மனம் உடைய வேண்டுவதில்லை.

இம்முறை ஆங்கிலேயர் கொண்டுவந்தது, நமக்குப் புதியது என்று சிலர் எண்ணுகின்றனர். இன்றைய சட்டநூல்கள் அவர்கள் காலத்தில் எழுதப்பட்டவை என்பது உண்மையே. ஆனால் அவற்றின் உட்பொருள் நமக்குப் புதியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில் சுந்தரர் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். பக்தியை ஒருபுறம் வைத்துவிட்டு, ஒரு வழக்கறிஞன் கண்கொண்டு பார்த்தால், அது முழுமையானதோர் உரிமை வழக்கு.

புத்தூரில் மணப்பந்தல். முதியவர் ஒருவர் வந்து, மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்றும், அவனுடைய பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை தம்மிடம் உண்டு என்றும் உரைக்கிறார். சினங்கொண்ட மணமகன் ஓலையைப் பறித்துக் கிழித்தெறிகிறான். முதியவர் கலங்கவில்லை. கிழிந்தது படியோலை, மூல ஓலையைத் திருவெண்ணெய்நல்லூர் அவையில் காட்டுவேன் என்கிறார். அவையோர் உடனே நம்பிவிடவுமில்லை, விரட்டிவிடவுமில்லை. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றில் ஒன்றால் உன் கூற்றை நிலைநாட்டு என்று கேட்கின்றனர். ஆட்சி என்பது நெடுநாள் அனுபவம்; ஆவணம் என்பது எழுத்து; காட்சி என்பது சாட்சி. மூல ஓலை வருகிறது. அதிலுள்ள கையெழுத்தைப் பாட்டன் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து ஒப்பிடுகின்றனர். இரண்டும் ஒத்திருக்கவே, மணமகன் தோற்றான் என்று தீர்ப்பளிக்கின்றனர்.

உரிய இடத்தில் முறையிடுதல், மறுதரப்பைக் கேட்டல், படியை விடுத்து மூலத்தை வேண்டுதல், கையெழுத்தை ஒப்பிடுதல், கண்ட சான்றுக்கேற்பத் தீர்த்தல் ஆகிய அனைத்தும் அங்கே உள்ளன. இன்று துர்க்கிலும் தஞ்சையிலும் நடப்பது இதுவே. விரிவு மட்டும் மிகுதி.

இனி, இன்றைய வழக்கு நடக்கும் வழியைச் சுருங்கச் சொல்கிறேன். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டமே இதற்குரிய வழிநூல். பலமுறை, குறிப்பாக 1976-இலும் 2002-இலும், அது திருத்தம் பெற்றது.

முதற் கேள்வி, எங்கே முறையிடுவது என்பது. வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்தைப் பற்றிய வழக்கைச் சொத்து இருக்கும் இடத்து நீதிமன்றத்திலேயே தொடுக்க வேண்டும். நாம் இங்கே ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்தாலும், ஊர் நிலத்தின் வழக்கு ஊரில்தான். கடன், ஒப்பந்தம் முதலியவற்றின் வழக்கைப் பிரதிவாதி வாழும் இடத்திலோ பூசலுக்குக் காரணம் தோன்றிய இடத்திலோ தொடுக்கலாம். சாலை விபத்தில் இழப்பீடு கேட்போருக்கும், வாங்கிய பொருளின் குறைக்காக நுகர்வோர் ஆணையத்தை நாடுவோருக்கும் சட்டம் ஒரு சலுகை தந்திருக்கிறது. அவர்கள் தாம் வாழும் இடத்திலேயே முறையிடலாம். விபத்து எந்த மாநிலத்தில் நேர்ந்திருந்தாலும் பிலாயில் வாழ்பவர் துர்க்கிலேயே கேட்கலாம். பலர் இதை அறியாமல் வீணே அலைகின்றனர்.

வாதி தம் குறையை எழுதித் தருவது வழக்குரை. என்ன நடந்தது, எப்போது நடந்தது, எதைக் கேட்கிறோம், அதன் மதிப்பு என்ன என்பவை அதில் இருக்க வேண்டும். மதிப்புக்கேற்ப நீதிமன்றக் கட்டணம் செலுத்த வேண்டும். ஒரே காரணத்தால் எழும் கோரிக்கைகள் அனைத்தையும் ஒரே வழக்கில் கேட்டுவிட வேண்டும். இன்று பாதி, நாளை பாதி என்று கேட்க இயலாது. கேளாததை நீதிமன்றம் தானே எடுத்துக் கொடுப்பதுமில்லை.

வழக்குரை ஏற்கப்பட்டதும் பிரதிவாதிக்கு அழைப்பாணை செல்லும். 'சம்மன்' என்று நாம் சொல்வது இதனையே. அது கிடைத்த 30 நாளுக்குள் அவர் தம் எதிருரையைத் தர வேண்டும். தக்க காரணம் இருப்பின் 90 நாள் வரை நீட்டிக்கலாம். அதற்கு மேலும் ஒருபோதும் இயலாதா என்ற கேள்வி, சேலம் வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில் எழுந்தது. நீதியைக் காக்க மிக அருகலாக இசையலாம் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் விடையளித்தது.

இரு உரைகளையும் படித்த நீதிபதி, இருவரும் ஒப்புக்கொண்டவற்றை ஒதுக்கிவிட்டு, மாறுபடுகின்ற இடங்களை மட்டும் கேள்விகளாக எழுதுகிறார். இவற்றை எழுவினாக்கள் என்பர். வழக்கின் உயிர்நிலை இதுவே. அண்ணன் குணமற்றவர், தம்பி நன்றி மறந்தவர் என்பனவெல்லாம் எழுவினா ஆகா. "வாய்மொழிப் பாகப்பிரிவினை நடந்ததா?", "இந்தக் கையெழுத்து இன்னாருடையதா?" என்பனவே எழுவினா ஆகும். ஐம்பது ஆண்டு மனக்குறை நான்கைந்து கேள்விகளில் அடங்கிவிடும். இதுவே நீதிமன்றத்தின் வலிமை. இதுவே அதன் எல்லையும் ஆகும்.

பின்னர்ச் சாட்சியம், குறுக்கு விசாரணை, வாதம், தீர்ப்பு. வாதம் முடிந்த 30 நாளுக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். அரிய காரணம் இருந்தால் 60 நாள். தீர்ப்பின் முடிவை வகுத்துக் கூறும் ஆணையே டிக்ரி. தோற்றவர் மேல்முறையீடு செய்யலாம். இரண்டாம் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்தில், முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே உண்டு. இறுதியாகத் தீர்ந்த ஒன்றை அதே மக்கள் மீண்டும் கிளப்ப இயலாது.

வழக்கு நடக்கும்போதே எதிரி வீட்டை விற்றுவிட்டால் என் செய்வது என்று கேட்கலாம். அதற்கு இடைக்காலத் தடையாணை உண்டு. கேட்பவர் பக்கம் மேற்பார்வைக்கு நியாயம் இருக்கிறதா, தடையால் யாருக்கு இடர் மிகுதி, பின்னால் பணத்தால் ஈடுசெய்ய இயலாத கேடு நேருமா என்ற மூன்றையும் எண்ணிப் பார்த்து நீதிபதி அதனை வழங்குவார்.

அன்பர்களே! வழியைச் சொன்னேன். வழியில் உள்ள பள்ளங்களைச் சொல்ல வேண்டாமா? அவற்றை எங்கள் குடும்பத்து வழக்கைக் கொண்டே சொல்கிறேன்.

என் தந்தையார் 1959-இல் இந்த இரும்பாலையில் பணியேற்றுத் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவர். ஊரில் என் பாட்டனார் தாமே உழைத்து வாங்கிய ஓட்டு வீடு ஒன்றும், கிணற்றுடன் கூடிய தோட்டம் ஒன்றும் இருந்தன. 1964-இல் பாட்டனார் மறைந்தார், உயில் எழுதவில்லை. சிற்றப்பா ஊரிலேயே இருந்து பாட்டியாரைக் காத்துவந்தார். 1979-இல் பாட்டியாரும் காலமானார்.

1986-இல் சிற்றப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. வீட்டு உத்திரத்தைக் கறையான் அரித்துவிட்டது. மழைக்கு முன் மாற்ற வேண்டும். அண்ணன் பாதிச் செலவைத் தரலாம், அல்லது சொத்தைப் பிரித்துக்கொள்ள இசையலாம் என்று எழுதியிருந்தார். தந்தையார் அதை என்னிடம் காட்டினார். அப்போது நான் வழக்கறிஞனாகி மூன்றே ஆண்டுகள். கற்ற கல்வி முழுதும் நாவின் நுனியில் நின்றது. "எழுத்தில் ஒன்றும் கொடுக்க வேண்டா, அப்பா. நாளைக்கு அதுவே நமக்கு எதிரான சான்றாகும்" என்றேன். தந்தையார் எழுதவில்லை. இரண்டாம் கடிதம் வந்தது. மூன்றாம் கடிதமும் வந்தது. நான் சொன்ன விடை மாறவில்லை. இதுவே என் முதற் பிழை.

சிற்றப்பா கடன் வாங்கி உத்திரத்தை மாற்றினார். மனமும் மாறிற்று. 1988-இல், வீடும் தோட்டமும் முன்பே நடந்த வாய்மொழிப் பாகப்பிரிவினையில் தமக்கு வந்தவை என்று வழக்குத் தொடுத்தார். அத்தகைய பிரிவினை நடந்ததில்லை. அவருடைய கோபம் சொல்லச் சொல்ல, வழக்குரை எழுதப்பட்டது. அதில் தந்தையாரின் முகவரியாகக் குறிக்கப்பட்டது ஊர் வீடே. பதிவு அஞ்சல் திரும்பிற்று. பின்னர் அழைப்பாணை கதவில் ஒட்டப்பட்டது. உள்ளூர் இதழ் ஒன்றில் விளம்பரமும் வந்தது. ஆயிரம் மைலுக்கு அப்பால் உலைக்களத்தில் நின்றவருக்கு அது எப்படித் தெரியும்? பிரதிவாதி வரவில்லை என்று குறித்து, ஒருதலையாகவே டிக்ரி வழங்கப்பட்டது.

மறு ஆண்டு பங்குனித் திருவிழாவுக்கு ஊர் சென்றபோது, தேர் நிலையில் ஒருவர், "வீடு தம்பிக்கே தீர்ப்பாகிவிட்டதாமே!" என்று கேட்க, தந்தையார் திகைத்து நின்றார். அன்றிரவே எனக்குத் தந்தி கொடுத்தார்.

இங்கே சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அழைப்பாணை முறையாகச் சேராமல் வந்த ஒருதலைத் தீர்ப்பை நீக்குமாறு கேட்கலாம். ஆனால் தீர்ப்பு நமக்குத் தெரியவந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் கேட்க வேண்டும். நாங்கள் 27-ஆம் நாள் மனுவைத் தாக்கல் செய்தோம். சிற்றப்பா பிலாய் முகவரிக்கு எழுதிய மூன்று கடிதங்களே எங்களைக் காத்தன. முகவரி தெரிந்தவர் அதை மறைத்தார் என்பதற்கு அவையே சான்றாயின. நான் விடை எழுதவிடாத கடிதங்கள், எனக்கே படைக்கலமாகி வந்த விந்தையை என்னென்பது!

காலத்தைப் பற்றி இந்த இடத்தில் ஒரு சொல். உரிமை உறங்கலாகாது என்பது 1963-ஆம் ஆண்டின் காலவரைச் சட்டம் கற்பிக்கும் பாடம். கடன் பத்திரத்தின் பணத்துக்கு 3 ஆண்டு. உரிமையின் பேரில் நிலத்தை மீட்பதற்கு, எதிரியின் அனுபவம் நமக்குப் பகையாக மாறிய நாளிலிருந்து 12 ஆண்டு. காலம் கடந்த வழக்கை, எதிரி அதைச் சுட்டிக் காட்டாவிடினும், நீதிமன்றம் தள்ளிவிட வேண்டும். கடன்பட்டவர் காலம் முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பமிட்டால், அந்நாளிலிருந்து புதிய கணக்குத் தொடங்கும். நண்பருக்குக் கொடுத்த கடனைக் கேட்க நாணி நான்காம் ஆண்டில் என்னிடம் வந்தவர் பலர். நாணம் நற்பண்பே, ஆயினும் நாள்காட்டி அதற்காகக் காத்திருப்பதில்லை.

ஒருதலைத் தீர்ப்பு நீங்கிய பிறகு, எங்கள் வழக்கு புதிதாகத் தொடங்கியது. சேக்கிழார் காட்டிய மூன்று சான்றுகளும் அதில் வந்தன. பாட்டனார் பெயரில் பதிவான மூலக் கிரயப் பத்திரம் தந்தையாரின் தகரப் பெட்டியில் இருந்தது. வீட்டுவரி ரசீதுகளும் குடியிருந்த அனுபவமும் சிற்றப்பாவிடம் இருந்தன. வரி ரசீதோ பட்டாவோ அவற்றளவில் உரிமையைத் தந்துவிடுவதில்லை. ஆயினும் அனுபவத்துக்கு அவை அடையாளம். அண்டை வீட்டார் இருபுறமும் சாட்சிகளாயினர். வாய்தாமேல் வாய்தா வந்தது. தந்தையார் விடுப்பெடுத்து, இரண்டு இரவு ரயிலில் பயணம் செய்து போவார். அன்றைக்கு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வந்திருக்கமாட்டார். மற்றொரு நாள் நீதிபதி மாறுதலாகியிருப்பார். ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் தரலாகாது என்று சட்டம் இப்போது கூறுகிறது. சட்டம் கூறுவதும் நீதிமன்றத்தில் நடப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை.

இந்திய நாட்டுக் கீழமை நீதிமன்றங்களில் இன்று முடியாமல் நிற்கும் உரிமை வழக்குகள் 1 கோடிக்கு மேல். வழக்கு நீளும்போது கட்சிக்காரர் இறந்துவிடுவதும் உண்டு. அப்போது 90 நாளுக்குள் அவருடைய வாரிசுகளைச் சேர்க்கக் கேட்க வேண்டும். தவறினால் அவரளவில் வழக்கு அற்றுப்போகும். வாரிசுகளோ ஒருவர் ரூர்கேலாவில், ஒருவர் புனேயில், ஒருவர் கடல் கடந்து. அவர்களைத் தேடிப் பிடிப்பதற்குள் காலம் கடந்துவிடும்.

டிக்ரி கைக்கு வந்தாலும் முடிந்ததா? இந்தியாவில் வழக்காடுவோரின் இடர் டிக்ரி பெற்ற பின்னரே தொடங்குகிறது என்னும் கருத்தை லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் 1872-லேயே வெளியிட்டது. டிக்ரியை நிறைவேற்றுமாறு மீண்டும் மனுச் செய்ய வேண்டும். அதற்கு 12 ஆண்டுக் காலம் உண்டு. அமீனா வந்து சொத்தை ஒப்படைக்கும் நாள்வரை காகிதம் காகிதமே. நிறைவேற்ற மனுக்களை 6 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் பணித்தது. பாகப்பிரிவினை வழக்கிலோ முதலில் பங்கைக் கூறும் முதல்நிலை டிக்ரி. பின்பு ஆணையர் வந்து அளந்து பிரித்த பிறகே இறுதி டிக்ரி. முதலாவதைப் பெற்றவுடன் வெற்றி என்று இனிப்பு வழங்கிவிட்டு, பதினைந்து ஆண்டுகள் உறங்கிய குடும்பங்களை நான் அறிவேன். வழக்கில் வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று நம் பாட்டிமார் சொன்னது பட்டறிவின் பயனே.

ஆயின் நீதிமன்றமே வேண்டாவா? அப்படிச் சொல்ல நான் வரவில்லை. வலியவன் எளியவனின் வீட்டைப் பிடுங்கும்போது, கேட்பதற்கு ஓரிடம் இருக்கிறது என்பதே எளியவனின் காப்பு. அந்தக் காப்பு இருப்பதனாலேயே சமரசப் பேச்சுக்கும் மதிப்பு வருகிறது. வழக்கின் எந்த நிலையிலும் சமரசத்துக்குச் சட்டமே இடம் தந்திருக்கிறது என்பதைத்தான் நான் வலியுறுத்துகிறேன்.

மக்கள் நீதிமன்றம் என்னும் முறை 1982-இல் குஜராத்தின் ஜுனாகட் மாவட்டத்தில் தொடங்கிற்று. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் அதற்குச் சட்ட வலிமை தந்தது. அச்சட்டம் 1995 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அங்கே இருவரும் ஒத்துக்கொண்டு எழுதும் முடிவு, நீதிமன்ற டிக்ரிக்கு ஒப்பானது. அதன்மேல் மேல்முறையீடு இல்லை. செலுத்திய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். 2002 முதல், சமரசத்துக்கு வாய்ப்புத் தெரிந்தால் நீதிபதியே கட்சிக்காரரை அவ்வழியில் அனுப்பவும் சட்டம் வகை செய்தது. நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தை 2005-இல் அமைத்து வழிகாட்டியது சென்னை உயர் நீதிமன்றம். 2023-இல் சமரசத்துக்கெனத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது.

எங்கள் வழக்கு 1998-இல் மக்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது. நானும் தந்தையாருடன் சென்றேன். அங்கே அமர்ந்திருந்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர். இருவரையும் எதிரெதிரே அமர்த்தாமல் ஒரே பெஞ்சில் அமர்த்தினார். பத்திரத்தைக் கேட்கவில்லை, ரசீதைக் கேட்கவில்லை. "உங்களுக்கு உடன்பிறந்த பெண் உண்டா?" என்று கேட்டார்.

இருவரும் தலை குனிந்தனர். நானும் குனிந்தேன். எனக்கு அத்தை ஒருவர் உண்டு. பாட்டனார் தாமே ஈட்டிய சொத்து. அவர் மறைந்தது 1964-இல். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் இரு மகன்களுக்கும் மகளுக்கும் சமபங்கு. பாட்டியாரின் பங்கும் அவருக்குப் பின் மூவருக்குமே உரியது. ஆக மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு. பத்தாண்டுகளாக முழுதும் எனதென்று ஒருவரும் பாதி எனதென்று மற்றொருவரும் போராடினரே தவிர, மூன்றாமவரை நினைத்தாரில்லை. சட்டம் படித்த நானும் நினைக்கவில்லை. அதுவே என் இரண்டாம் பிழை. இருவரில் யார் வென்றிருந்தாலும், வழக்கில் சேராத அத்தையை அத்தீர்ப்புக் கட்டுப்படுத்தியிராது. பத்தாண்டு பாடுபட்டு அடுத்த வழக்குக்கு வித்திட்டுக்கொண்டிருந்தோம்!

அடுத்த அமர்வுக்கு அத்தையார் அழைக்கப்பட்டார். நடுவிலே அவரை அமர்த்திப் பேசினோம். அன்று வெளிவந்த செய்தி எந்த எழுவினாவிலும் இல்லாதது. சிற்றப்பா சொன்னார்: "எனக்கு வீடு பெரிதன்று. அம்மாவைப் பதினைந்து ஆண்டு பார்த்தேன். உத்திரம் விழப்போகிறது என்று மூன்று முறை எழுதினேன். 'பார்த்தேன், தம்பி' என்று ஒரு வரி வந்ததா?" தந்தையார் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "எழுதியிருக்க வேண்டும்" என்றார். அவ்வளவே. எழுதவிடாதவன் நான் என்பதை அன்று என் தந்தையார் அந்த அவையில் சொல்லவில்லை. நானே எழுந்து சொன்னேன்.

முடிவு ஒரு பிற்பகலில் எழுதப்பட்டது. வீடு சிற்றப்பாவுக்கு. அவர் உத்திரத்துக்குச் செய்த செலவும் கணக்கில் வந்தது. தோட்டம் இரண்டாகப் பிரிந்து, கிணற்றை ஒட்டிய பகுதி அத்தையாருக்கும் மறுபகுதி தந்தையாருக்கும் ஆயிற்று. கிணற்று நீர் இருவருக்கும் பொது. பாட்டியாரின் திதியை ஆண்டுதோறும் மூவரும் அவ்வீட்டிலேயே சேர்ந்து செய்வது என்றும் ஒரு வரி எழுதப்பட்டது. எந்த நீதிபதியும் தம் தீர்ப்பில் அப்படி ஒரு வரி எழுத இயலாது. எழுதினாலும் அமீனா வந்து நிறைவேற்ற இயலாது. அவர்களே எழுதிக்கொண்டதால் அது நிறைவேறிற்று. 2001-இல் தந்தையார் மறையும்வரை மூன்று திதிகளுக்குச் சென்றார்.

இனி நம் குடியிருப்புக் குடும்பங்களுக்குச் சில சொற்கள். உங்கள் சொத்தின் மூலப் பத்திரம் எங்கே என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரியட்டும். பதிவான பத்திரம் தொலைந்திருந்தால் சார்பதிவாளரிடம் சான்றிட்ட நகல் பெறலாம். ஆண்டுக்கொருமுறை வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். ஊராருக்கு உங்கள் முகவரி தெரிந்திருக்கட்டும். சம்மன் வந்தால் வாங்க மறுக்காதீர்கள். மறுப்பதும் வாங்கியதாகவே கருதப்படும். வழக்கு நிலவரத்தை இப்போது வீட்டிலிருந்தே, 16 இலக்க வழக்கு எண்ணைக் கொண்டு இணையத்தில் காணலாம். உறவினருக்கு அதிகாரப் பத்திரம் கொடுக்கலாம். ஆனால் நீங்கள் மட்டுமே அறிந்த செய்திக்கு உங்களுக்குப் பதிலாக அவர் சாட்சி சொல்ல இயலாது என்று 2004-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதிகாரப் பத்திரத்தை மட்டும் நம்பி வீடு வாங்காதீர்கள். அதனால் உரிமை மாறாது என்று 2011-இல் அந்நீதிமன்றமே கூறியிருக்கிறது.

தாய்மார்களுக்குத் தனியே ஒன்று. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பூர்விகச் சொத்திலும் மகளுக்கு மகனுக்கு நிகரான பங்கு உண்டு. 2005-இல் தந்தை உயிரோடிருந்தாரா என்று பார்க்க வேண்டுவதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வழக்காடப் பொருள் இல்லையே என்று அஞ்ச வேண்டா. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், சட்டப்பணிகள் ஆணையத்தின் வாயிலாக இலவச சட்ட உதவி உண்டு. குழந்தைகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர் ஆகியோருக்கும் உண்டு.

பெரியோர்களே! நீதிமன்றம் உரிமையைத் தீர்க்கும். பகையைத் தீர்க்கும் பொறுப்பு நம்முடையது. உரிமைக்குக் கேடு வந்தால் அஞ்சாது, காலம் தாழ்த்தாது, சான்றோடு முறையிடுங்கள். ஆனால் முறையிடுமுன், பெட்டியைத் திறந்து, விடை எழுதாத கடிதம் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது கடிதம் இல்லை. தொலைபேசிச் செய்தி இருக்கலாம். இன்றிரவு வீடு சென்றதும் அதற்கு விடை எழுதுங்கள். நாற்பது ஆண்டுகளுக்கு முன் என் தந்தையாருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய அறிவுரை அதுவே. அன்று சொல்லத் தவறியதை இன்று உங்களுக்குச் சொல்லி அமைகிறேன்.